டி.என்.ஏ.வை எண்ணக் கற்ற மின்சாரம்

பி.காம். படிக்கிறவனுக்கு டி.என்.ஏ. எதற்கு என்று கேட்காதீர்கள் நண்பர்களே. 2020இல் எங்கள் தாத்தாவுக்குக் கொரோனா சோதனை எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள். அதுவரை அவர் மாடி அறையில் தனியாக இருந்தார். பாட்டி சோற்றுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருவார். நல்லவேளை, நெகட்டிவ். பிறகுதான் விசாரித்தேன்: மெஷினில் சோதனை ஓட ஓரிரு மணி நேரம் போதுமாம். மீதி நேரமெல்லாம் வண்டியிலும் வரிசையிலும் போகிறது.

அந்தச் சோதனைதான் பி.சி.ஆர். நம் கூட்டு வட்டிக் கணக்கு மாதிரி. டி.என்.ஏ. துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். குறையில்லாமல் நடந்தால் 30 சுற்றில் ஒன்று 107 கோடியாகிவிடும். இந்த யோசனையின் விதை 1971இல் ஹர் கோவிந்த் கொரானாவின் ஆய்வுக்குழு எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இவர் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி!) 1983இல் கேரி முல்லிஸ் அதை முழு முறையாக உருவாக்கி, 1993இல் நோபல் பெற்றார்.

சரி, பெருகுவதை எப்படிப் பார்ப்பது? 1992இல் ரஸ்ஸல் ஹிகுச்சி குழு ஒளிரும் சாயத்தைக் கலந்து பார்த்தது. இன்றும் பெரும்பாலும் வெளிச்ச வழிதான். ஆனால் அதற்கு விளக்கு, சாயம், ஒளியை அளக்கும் கருவி எல்லாம் வேண்டும்.

மின்சார வழியின் கதை 1970இல் நெதர்லாந்தில் தொடங்குகிறது. நரம்புகளை ஆராய்வதற்காக, அயனிகளை உணரும் டிரான்சிஸ்டரை பீட் பெர்க்வெல்ட் செய்தார். டி.என்.ஏ.வில் ஒவ்வொரு எழுத்து சேரும்போதும் ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியேறும். திரவம் லேசாகப் புளிக்கும். அந்தப் புளிப்பை டிரான்சிஸ்டர் மின்னழுத்த மாற்றமாகக் காட்டும். ஒரே சிக்கல், வழக்கமான பி.சி.ஆர். திரவத்தில் புளிப்பை அடக்கும் உப்புகள் இருக்கும். அவற்றைக் குறைக்க வேண்டும். 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிறிஸ் டூமாசூ குழு, ஒரே சிப்பில் டி.என்.ஏ.வைப் பெருக்கி, அதே நேரத்தில் மின்சாரத்தால் கண்காணித்தும் காட்டியது. நரம்புக்காகச் செய்த கருவி இங்கே வந்துசேர 43 வருடம்!

வெளிச்சமும் தோற்றுவிடவில்லை. நம் நாட்டு ட்ரூநாட் கருவி ஒளியைத்தான் படிக்கிறது. ஆனாலும் பேட்டரியில் ஓடும், சின்ன ஊருக்கும் போகும். தீபத்துக்குப் பேர்போன ஊர்க்காரன் நான், வெளிச்சத்தைக் குறை சொல்வேனா? எந்த வழியானாலும் சரி, கருவி நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த மூன்று நாளை எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.