தகர வில்லையின் விலை

பழைய நாணயம் சேர்ப்போரில் இரு வகையினர் உண்டு. ஒரு சாரார் அதன் கதைக்காகச் சேர்க்கின்றனர்; மறுசாரார் நாளை விலை ஏறும் என்பதற்காக வாங்குகின்றனர். இவர்களுள் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், நான் மலையகத்தையே சாட்சிக்கு அழைப்பேன்.

முதலீட்டாளரின் கணக்கு எளிது. 1892 முதல் 1917 வரையிலான இலங்கையின் 50, 25, 10 சத நாணயங்களில் 80 வீதம் வெள்ளி இருந்தது; 1919 முதல் அது 55 வீதமாகக் குறைந்தது. ஆண்டு, தேய்மானம், வெள்ளியின் எடை ஆகியவற்றைப் பார்த்தால் விலையைச் சொல்லிவிடலாம். அரிய ஆண்டாக இருந்தால் சற்று மேலதிகம் கிடைக்கும். இதில் தவறில்லை.

ஆனால் நாணயமல்லாத சில வில்லைகள் இக்கணக்குக்குள் அடங்குவதில்லை. கோப்பிக் காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு நிலவியது. கொழும்பின் கோப்பி ஆலைகள் சொந்தமாகச் செப்பு வில்லைகளை அடித்து வழங்கின. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் நிறுவனத்தின் வேகந்த ஆலை வில்லை 1843 ஆம் ஆண்டைத் தாங்கியிருக்கிறது. கோப்பிக் கொட்டை பொறுக்கிய பெண்களின் உழைப்புக்கு இவ்வாறான வில்லைகளே கணக்காயின. 1869 இல் இலைத் துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. 1872 இல் ரூபாய், சதக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

1885 இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு அதுவே வாசலாயிற்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. தோட்டத்தைக் குறிக்கும் எண் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அதைக் காட்டினால் வழியில் பணம் கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, முன்பண முறையில் தொழிலாளியின் கடனாக மாறியது. அக்கடனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது.

அன்று கடனின் அடையாளமாக இருந்த அதே தகரம், இன்று அரும்பொருளாகி விலை பேசப்படுகிறது. அதில் வெள்ளியுமில்லை, அரசனின் உருவமுமில்லை. பேணி வைக்க அன்று எவருக்கும் காரணம் இருக்கவில்லை; எஞ்சியது சொற்பம் என்பதாலேயே விலை. இலாபத்துக்காக வாங்குபவர் அதைப் பெட்டியில் பூட்டி, விலை ஏறியதும் விற்பார். எந்தத் தோட்டம், எந்தக் குடும்பம், எந்த லயத்தில் கிடைத்தது என்ற விவரம் கை மாறுந்தோறும் உதிர்ந்துபோகும். விவரம் போனபின் எஞ்சுவது வெறும் தகரம்.

கதைக்காகச் சேர்ப்பவர் அவ்விவரத்தையே முதலில் எழுதி வைக்கிறார். வில்லையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதில்லை; தேய்த்தால் சந்தை மதிப்பும் குறையும் என்பது வேறு கதை. 2007 இல் கம்பளைக்கு அருகே தோட்டத் தொழிலாளர் வாழ்வுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இத்தகைய சின்னங்கள் சென்று சேரவேண்டிய இடம் அதுவே என்பது என் துணிபு.

வெளிநாடுகளில் வாழும் மலையகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டியின் தகரப் பெட்டியில் அப்படியொரு வில்லை கிடந்தால், அதன் விலையை விசாரிப்பதற்கு முன், பாட்டி எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்பதை எழுதி வையுங்கள். விலையை நாளையும் விசாரிக்கலாம்.