வெலாயத்தே ஃபகீஹ்: ஈரானில் மார்க்க அறிஞர் ஆட்சியும் தனிமனித உரிமையும்

வெலாயத்தே ஃபகீஹ் என்பது, நாட்டை ஆளும் இறுதி அதிகாரம் இஸ்லாமியச் சட்டத்தில் தேர்ந்த அறிஞருக்கே உரியது எனக் கூறும் ஷியா அரசியல் கோட்பாடு. ‘ஃபகீஹ்’ என்றால் மார்க்கச் சட்ட அறிஞர். ‘வெலாயத்’ என்றால் காப்பாளர் பொறுப்பு. தகப்பனை இழந்த பிள்ளையின் சொத்தை, அது மேஜராகும்வரை பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒருவரைக் கார்டியனாக நியமிக்கிறதே, ஏறத்தாழ அந்தப் பொருள்தான். ஷியா சட்ட நூல்களில் அநாதைகள், சித்தசுவாதீனம் இல்லாதோர், கேட்பாரற்ற சொத்துகள் பற்றிய பகுதிகளில்தான் இந்தச் சொல் நெடுங்காலம் பெரிதும் புழங்கியது. 1979 முதல் அது ஒரு நாட்டின் அரசமைப்புக்கே அச்சாணியாக இருக்கிறது. ஒரு தேசம் முழுவதையும் மைனராகக் கருத முடியுமா என்ற கேள்வியும் அன்றிலிருந்தே கூடவே வருகிறது.

மத ஆட்சி என்று பொதுவாகச் சொல்லப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. சவூதி அரேபியாவை ஆள்வது அரச குடும்பம். உலமாக்கள் அதற்குத் துணை. வத்திக்கானில் திருத்தந்தையே ஆட்சித் தலைவர் என்றாலும் அங்கே குடிமக்கள் சில நூறு பேர்தான். ஈரானிலோ வாக்குச்சீட்டு, நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் எல்லாம் உண்டு. அவை அனைத்துக்கும் மேலே ஒரு மார்க்க அறிஞர் அமர்ந்திருக்கிறார்.

தோற்றம்

1906இல் ஈரான் மக்கள் மன்னரிடமிருந்து ஓர் அரசமைப்பைப் போராடிப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு சேர்க்கப்பட்ட துணைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்கள் மார்க்கத்துக்கு முரணா என்று பார்க்க ஐந்து அறிஞர்கள் கொண்ட குழு வேண்டும் என்றது. அதற்காக வாதாடிய ஷேக் ஃபஸ்லுல்லா நூரி பிறகு அரசமைப்புக்கே எதிரியாகி மன்னர் பக்கம் சாய்ந்தார். 1909இல் தெஹ்ரானில் பொதுவெளியில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டில் இராக்கின் நஜஃப் நகரிலிருந்த அறிஞர் நாயினி, மன்னரின் தான்தோன்றி அதிகாரத்தைக் கட்டுப்படுத்த அரசமைப்பே ஏற்ற வழி என்று மார்க்க ஆதாரங்களோடு ஒரு நூல் எழுதினார். மதகுருமார் ஒரு பக்கம், நவீனர் மறுபக்கம் என்று இந்த விவாதத்தைப் பிரிப்பது தொடக்கத்திலேயே பொருந்தாமல் போயிற்று.

பெண்ணின் உடையில் கை வைத்த முதல் ஈரானிய அரசும் மத அரசு அல்ல. 1936 ஜனவரியில் ரெசா ஷா முக்காட்டுக்குத் தடை விதித்தார். காவலர்கள் தெருவில் பெண்களின் உடல் போர்த்தும் சாதரைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். அவமானத்துக்கு அஞ்சி வாசல்படி தாண்டாமலே இருந்துவிட்ட பெண்கள் பலர். 1941இல் ஷா பதவி விலகியதும் தடை நீர்த்துப்போனது. ஆனால் பெண்ணின் தலைத்துணி அரசின் விவகாரம் என்ற எண்ணம் மட்டும் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதையே தலைகீழாகத் திருப்பிக்கொண்டார்கள்.

அயதுல்லா ருஹொல்லா கொமெய்னி நாடு கடத்தப்பட்டு நஜஃபில் இருந்தபோது, 1970இல் மாணவர்களுக்கு நிகழ்த்திய தொடர் உரைகளில் இக்கோட்பாட்டுக்கு முழு வடிவம் கொடுத்தார். ஷியா நம்பிக்கைப்படி மறைந்திருக்கும் பன்னிரண்டாம் இமாம் திரும்பும்வரை சமூகத்தைத் தலைவனின்றி விட முடியாது, அந்தப் பொறுப்பு சட்டம் அறிந்தவர்களுக்கே உரியது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே நஜஃபில் அவரைவிடப் பெரிய மார்க்க அதிகாரமாகக் கருதப்பட்ட அயதுல்லா கூயி இதை ஏற்கவில்லை.

1979

ரெசா ஷாவின் மகனான அடுத்த ஷாவைப் புரட்சி வீழ்த்திய பின், மார்ச் இறுதியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா, வேண்டாமா? இடைக்காலப் பிரதமர் மெஹ்தி பஸர்கான் ‘ஜனநாயக’ என்ற சொல்லையும் சேர்க்க விரும்பினார். பெயரில் ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று கொமெய்னி சொல்லிவிட்டார். அரசுக் கணக்குப்படி ஆதரவு 98.2 விழுக்காடு.

ஜூனில் வெளியான அரசமைப்பின் முதல் வரைவில் வெலாயத்தே ஃபகீஹ் இல்லவே இல்லை. அந்த வரைவை அப்படியே வாக்கெடுப்புக்கு விட்டுவிடலாம் என்றுதான் கொமெய்னி தரப்பு முதலில் நினைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று அதை விவாதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள் தாராளவாதிகள். அவர்கள் கேட்ட அவை வந்தது. அதில் பெரும்பான்மை மதகுருமாருக்குக் கிடைத்தது. அவர்கள் கோட்பாட்டை உள்ளே நுழைத்தார்கள். அவைத் தலைவர் அயதுல்லா ஹுசைன் அலி மொந்தஸெரி. இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் வாக்கெடுப்பில் அரசமைப்பு நிறைவேறியது. மூத்த அறிஞர் ஷரியத்மதாரி அதைப் புறக்கணித்தார். பின்னர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, 1986இல் காலமானார்.

அதிகாரம் சுழலும் வழி

படைகள், நீதித்துறைத் தலைவர் நியமனம், அரசு வானொலி-தொலைக்காட்சி ஆகியவை, தலைவர் என அழைக்கப்படும் ஆளும் ஃபகீஹின் கையில். சட்டங்களை மார்க்க அளவுகோலில் சோதிக்கும் காவலர் குழுவில் 12 பேர். அவர்களில் ஆறு மார்க்க அறிஞர்களைத் தலைவரே நியமிக்கிறார். மற்ற ஆறு சட்ட வல்லுநர்களை, தலைவர் நியமித்த நீதித்துறைத் தலைவர் முன்மொழிய நாடாளுமன்றம் தேர்கிறது. தலைவரைத் தேர்வதும், தேவைப்பட்டால் நீக்குவதும் வல்லுநர் அவையின் வேலை. அதற்கு மக்கள் வாக்களிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் யார் போட்டியிடலாம் என்று முடிவு செய்வது காவலர் குழு. கார்டியனின் கணக்கைச் சரிபார்ப்பவரைக் கார்டியனே பொறுக்கி எடுக்கும் ஏற்பாடு இது.

2021 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு 592 பேர் பெயர் கொடுத்தார்கள். வடிகட்டிய பின் எஞ்சியது ஏழு பேர்.

ஒரு சட்டம் இந்த அமைப்புக்குள் படும் பாட்டுக்குப் பெண்களின் திருமண வயது நல்ல எடுத்துக்காட்டு. ஷா காலத்தில் 18 ஆக உயர்த்தப்பட்ட வயது, புரட்சிக்குப் பின் ஒன்பது சந்திர ஆண்டாகச் சரிந்தது. 2000இல் சீர்திருத்தவாதிகள் நிறைந்த நாடாளுமன்றம் அதை 15 ஆக்கியது. மார்க்கத்துக்கு முரண் என்று காவலர் குழு திருப்பி அனுப்பியது. பிணக்கு இரண்டுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் நலன் தேர் மன்றத்துக்குப் போய், 2002இல் 13 என்று முடிந்தது. தந்தையும் நீதிமன்றமும் ஒப்பினால் அதற்கும் குறைந்த வயதில் மணம் முடிக்கலாம். ஒன்பதும் பதினைந்தும் பேரம் பேசிப் பதின்மூன்றில் நின்ற கதை இது. மார்க்கச் சட்டம் மாறாதது என்று சொல்லும் ஆட்சியில்தான் இது நடந்தது.

உடை, விளையாட்டு, வழிபாடு

அலுவலகத்துக்கு வரும் பெண்கள் ஹிஜாப் அணிய வேண்டும் என்று கொமெய்னி சொன்ன செய்தி பரவியதும், 1979 மார்ச் 8ஆம் நாள் தெஹ்ரானில் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். ஷாவை விரட்டும் ஊர்வலங்களில் நடந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஆணை சற்றுப் பின்வாங்கியது. 1980இல் அரசு அலுவலகங்களில் கட்டாயமானது. 1983இல் எல்லாப் பெண்களுக்கும் சட்டமாயிற்று. மீறினால் 74 கசையடி. 1990களில் அது பத்து நாள் முதல் இரண்டு மாதம் வரை சிறை அல்லது அபராதம் என மாறியது.

2017 டிசம்பரில் தெஹ்ரானின் எங்கெலாப் தெருவில் ஓர் இளம்பெண் நடைபாதை ஓரத்து இணைப்புப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்றார். தன் வெள்ளைத் தலைத்துணியை ஒரு குச்சியில் கட்டிப் பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கைது செய்யப்பட்டார். அடுத்த வாரங்களில் வேறு பெண்கள் வேறு பெட்டிகளில் ஏறினார்கள். பெட்டிகளின் தட்டையான தலையில் யாரும் கால் ஊன்ற முடியாதபடி, கூரைபோல் சரிந்த இரும்புத் தகடுகள் பொருத்தப்பட்டன. எங்கெலாப் என்றால் புரட்சி.

ஆண்கள் ஆடும் கால்பந்தை மைதானத்தில் பார்க்கப் பெண்களுக்குப் பல பத்தாண்டுகள் தடை இருந்தது. 2019இல் ஆண் வேடமிட்டு உள்ளே நுழைய முயன்று பிடிபட்ட ரசிகை ஒருவர், சிறைத்தண்டனைக்கு அஞ்சி நீதிமன்ற வாசலில் தீக்குளித்து இறந்தார். உலகக் கால்பந்துச் சம்மேளனம் நெருக்கியது. அந்த அக்டோபரில் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பெண்கள் சீட்டு வாங்கித் தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் தனிப் பகுதியில் அமர்ந்தார்கள். ஈரான் 14-0 என்று வென்றது.

எல்லாப் பழியையும் 1979இன் தலையில் கட்டுவதும் சரியல்ல. மணமான பெண் பாஸ்போர்ட் பெறக் கணவன் ஒப்புதல் வேண்டும் என்ற விதி ஷா காலத்தில், 1973இல் வந்தது. புதிய ஆட்சி அதை அப்படியே வைத்துக்கொண்டது. மறுபுறம், பழைமையில் ஊறிய குடும்பங்கள் இஸ்லாமியக் குடியரசின் பல்கலைக்கழகங்களுக்குப் பெண்களைத் துணிந்து அனுப்பின. நூற்றாண்டின் திருப்பத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்வோரில் பாதிக்கு மேல் பெண்களே. பட்டம் பெற்ற அந்தப் பெண்கள்தாம் பிறகு ஆட்சியைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள்.

சிறுபான்மையினரில் ஸொராஸ்திரர், யூதர், கிறித்தவர் ஆகிய மூவரை மட்டுமே அரசமைப்பின் 13ஆம் பிரிவு ஏற்கிறது. ஈரானிலேயே பிறந்த பஹாய் சமயத்துக்கு அதில் இடமில்லை. பஹாய் மாணவர் என்று தெரிந்தால் பல்கலைக்கழகக் கதவு சாத்தப்படும். 1991இன் அரசுக் குறிப்பாணை ஒன்று இதை எழுத்திலேயே வைத்தது. அவர்கள் 1987 முதல் வீட்டு அறைகளில் தங்களுக்கென உயர்கல்வி நடத்திவருகிறார்கள். குடியரசுத் தலைவர் ஷியாவாகவே இருக்க வேண்டும் என்பதால் சுன்னி முஸ்லிம்களுக்கும் அந்தப் பதவி இல்லை. மதம் மாறுவது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் சட்டம் பேசாத இடத்தில் நீதிபதி ஃபத்வாவைப் பார்த்துத் தீர்ப்பளிக்கலாம் என்று 167ஆம் பிரிவு சொல்கிறது. எழுதாத சட்டத்துக்கு யாரும் முன்கூட்டியே அடங்கி நடக்க முடியாது.

தடைகள் தளர்ந்ததும் உண்டு. செதில் இல்லாத மீன் என்று விலக்கப்பட்டிருந்த காஸ்பியன் கடலின் ஸ்டர்ஜன் 1983இல் ஹலாலானது. அதன் முட்டைதான் உலகம் பொன் விலை கொடுக்கும் காவியார். சூதாட்டம் என்று ஒதுக்கப்பட்ட சதுரங்கம் 1988இல் அனுமதிக்கப்பட்டது. இரண்டையும் அனுமதித்தவர் கொமெய்னியே.

மார்க்கத்துக்குள்ளிருந்து எழுந்த மறுப்பு

1988 ஜனவரியில் கொமெய்னி, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த அலி கமெனெய்க்கு ஒரு கடிதம் எழுதினார். இஸ்லாமிய அரசு மார்க்கத்தின் தலையாய கட்டளைகளில் ஒன்று. தேவைப்பட்டால் அது தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றையும் மிஞ்சும் என்பது அதன் கருத்து. மார்க்கத்தைக் காக்க வந்த அரசு மார்க்கக் கடமைக்கும் மேலே ஏறி நின்றது. இக்கோட்பாட்டின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆவணம் இல்லை என்றே சொல்லலாம்.

அதே ஆண்டு கோடையில் அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் தூக்கிலிடப்பட்டார்கள். எதிர்த்துக் கடிதம் எழுதியவர் மொந்தஸெரி. அப்போது அவர்தான் கொமெய்னியின் அறிவிக்கப்பட்ட வாரிசு. 1989 மார்ச்சில் வாரிசுப் பட்டம் பறிபோனது. ஜூனில் கொமெய்னி இறந்ததும் கமெனெய் தலைவரானார். அரசமைப்பு கேட்ட உச்ச மார்க்கத் தகுதி அவருக்கு இல்லை; தேர்வுக்குப் பிறகு அரசமைப்பே திருத்தப்பட்டு அந்த நிபந்தனை நீங்கியது. மொந்தஸெரி பேச்சை நிறுத்தவில்லை. 1997 முதல் 2003 வரை கோம் நகரில் வீட்டுக்காவல். ஃபகீஹ் மேற்பார்க்கலாம், ஆளக் கூடாது என்று தன் நிலையைத் திருத்திக்கொண்ட அவர், பஹாய்களுக்கும் குடியுரிமை உண்டு என்று 2008இல் கூறினார். அடுத்த ஆண்டு காலமானார்.

கொமெய்னியின் ஆசிரியருக்கு மகனான மெஹ்தி ஹாயிரி யஸ்தி, 1990களில் கோட்பாட்டின் வேரையே பிடித்தார். காப்பாளர் என்பவர் தன் காரியம் பார்க்க இயலாதவருக்கு வேண்டியவர். குடியரசு என்பது தன் காரியத்தைத் தானே பார்க்கும் மக்களுடையது. இரண்டையும் ஒரே பெயர்ப்பலகையில் எழுதுவது தர்க்கப்பிழை என்றார். ஷியா நூல்களில் ஆட்சி பற்றி ஒன்பது விதக் கோட்பாடுகள் உண்டு, இது அவற்றில் ஒன்றுதான் என்று காட்டிய மொஹ்சென் கதிவர், 1999இல் மதகுருமாருக்கென்றே உள்ள தனி நீதிமன்றத்தால் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

ஆதரவாளர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. உடைக்கு எல்லை வகுக்காத நாடு எது என்று அவர்கள் கேட்கிறார்கள். 2004இல் பள்ளிகளில் தலைத்துணியைத் தடுத்த பிரான்சைச் சுட்டுகிறார்கள். மறைந்த அயதுல்லா மெஸ்பா யஸ்தி இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: ஆளும் உரிமை இறைவனிடமிருந்து வருகிறது, மக்கள் ஆதரவு அதை நடைமுறைப்படுத்த உதவுமே தவிர, உரிமையைத் தராது. பிரான்சை எடுத்துக்காட்டும் வாதத்துக்கு ஒரு பதில் உண்டு. அங்கே அந்தச் சட்டத்தை நீக்குவேன் என்று சொல்லி ஒரு கட்சி தேர்தலில் நிற்க முடியும். மெஸ்பாவின் வாதத்துக்கு அப்படி ஒரு பதில் இல்லை, ஏனெனில் அது வாக்கை நம்பியே நிற்கவில்லை.

2022க்குப் பின்

2022 செப்டம்பர் 13ஆம் நாள், தெஹ்ரானுக்கு வந்திருந்த 22 வயதுக் குர்திப் பெண் மஹ்சா அமினியை ஒழுக்கக் காவலர்கள் ஹிஜாப் சரியில்லை என்று பிடித்துச் சென்றார்கள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தார். முன்பே இருந்த நோய்தான் காரணம் என்றது அரசு. காவலில் நேர்ந்த வன்முறையே காரணம் என்று ஐ.நா.வின் உண்மையறியும் குழு 2024இல் முடிவு கூறியது. ‘பெண், வாழ்வு, விடுதலை’ என்ற முழக்கத்தோடு நாடெங்கும் எழுந்த போராட்டத்தில் 551 பேர் கொல்லப்பட்டதாக அதே குழு பதிவு செய்தது. அதன்பின் தெஹ்ரான் தெருக்களில் தலைத்துணியின்றி நடக்கும் பெண்கள் பெருகினார்கள். கடும் அபராதங்களோடு நிறைவேறிய புதிய ஹிஜாப் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வர இருந்தது. உயர் பாதுகாப்பு மன்றம் அதை நிறுத்திவைத்தது. பழைய சட்டம் நீக்கப்படவில்லை.

1979 பிப்ரவரி 1ஆம் நாள் நாடு திரும்பிய கொமெய்னி, பெஹெஷ்தே ஸஹ்ரா இடுகாட்டில் பேசியபோது முடியாட்சிக்கு எதிராக வைத்த வாதம் ஒன்றை எதிர்ப்பாளர்கள் இன்று திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுகிறார்கள். நம் பாட்டன்மார் ஒரு மன்னர் வம்சத்துக்கு வாக்களித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், நம் தலைவிதியைத் தீர்மானிக்க அவர்களுக்கு என்ன உரிமை என்று அன்று அவர் கேட்டார். அவர் நிறுவிய அரசமைப்பின் 177ஆம் பிரிவு, அரசின் இஸ்லாமியத் தன்மையையும் ஃபகீஹின் தலைமையையும் எந்தத் தலைமுறையும் எந்த வாக்கெடுப்பாலும் மாற்ற முடியாது என்கிறது.