ஏடும் வேரும் – 9: வேலியில் நின்ற மருந்து

1621. போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேராவின் ஆட்கள் நல்லூர்க் கந்தன் கோயிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பே யாழ்ப்பாண அரசன் சங்கிலி குமாரன் பிடிபட்டுவிட்டான். அரசனும் இல்லை, கோயிலும் இல்லை. நல்லூர் அரசர் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் என்னவாயின? போன வாரம் இங்கேதான் நிறுத்தினோம்.

ஏடுகள் தப்பின. பரம்பரை வைத்தியர் வீடுகளில் அவற்றின் பிரதிகள் இருந்தன. ஓலை செல்லரித்தால் அடுத்த தலைமுறை புது ஓலையில் பெயர்த்தெழுதியது. ஏறத்தாழ 300 ஆண்டுகள் இப்படியே கழிந்தபின், ஏழாலை வைத்தியர் ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரத்தை அச்சேற்றினார்.

ஏட்டைக் காக்க ஒரு பரம்பரையே வேண்டியிருந்தது. மருந்து மரத்தைக் காக்க வேலி போதுமாயிருந்தது. நல்லூர் வளவுகளில் கதியாலாக நிற்கும் முள்முருக்கைப் பாருங்கள். தடியை வெட்டி ஊன்றினால் துளிர்த்துவிடும். தண்டெல்லாம் கறுத்த முள், ஒரு காம்பில் மூன்று இலை, இலை கொட்டியபின் இரத்தச் சிவப்பில் பூ. கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுவதும் இதன் தடியைத்தான். தமிழகத்தில் கல்யாண முருங்கை என்பார்கள். மாதவிடாய் வலிக்கு இலைச்சாறு கொடுப்பது அங்கே வழக்கம்.

இந்த மரப்பட்டைக்குள் என்ன இருக்கிறது? 1977இல் இந்திய வேதியியலாளர்கள் இதிலிருந்து மூன்று புதிய ஐசோஃபிளேவோன்களைப் பிரித்தெடுத்து, எரித்ரினின் ஏ, பி, சி எனப் பெயரிட்டார்கள். அவரை இனத் தாவரங்களில் மிகுதியாகக் காணப்படும் சேர்மங்கள் ஐசோஃபிளேவோன்கள். பூஞ்சையை எதிர்க்கச் செடிக்கு இவை உதவுகின்றன. இவற்றுள் சிலவற்றின் மூலக்கூறு வடிவம் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஒத்தது. அதனால் அந்த ஹார்மோனின் பூட்டில் இந்தச் சாவியும் நுழைந்துவிடுகிறது. திருப்பும் வலு மட்டும் குறைவு.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பு வேகமாகக் கரையும். ஹொங்கொங் ஆய்வாளர்கள் சூலகம் அகற்றிய எலிகளுக்கு முள்முருக்குச் சாற்றைக் கொடுத்தபோது அந்தக் கரைவு குறைந்தது. சீன வைத்தியத்தில் மூட்டு வலிக்கு இதன் பட்டையை நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆனால் எலிக்குப் பலித்தது பெண்ணுக்கும் பலிக்கும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. பட்டையில் கண்டதை வைத்து இலைச்சாற்றுக்குச் சான்று சொல்லவும் கூடாது. நம் வைத்தியத்தின் மேல் பற்றுள்ளவர்கள்தான் இதில் முதலில் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

ஏனென்றால் இந்தச் சேர்மங்களுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில், குளோவர் என்ற பயறின மேய்ச்சல் பயிரைத் தின்ற செம்மறிகள் மந்தை மந்தையாக மலடாயின. அந்தப் பயிரில் ஃபோர்மோனோனெட்டின் என்ற ஐசோஃபிளேவோன் நிறைந்திருந்தது. தனியாகப் பார்த்தால் அது வலுவற்றது. ஆட்டின் வயிற்றுக்குள் போனபின் யாரோ அதை வலிமை மிக்க வேறொன்றாக மாற்றியிருக்கிறார்கள்.

மாற்றியது ஆட்டின் உடலல்ல. அதே வேலையைச் செய்பவர்கள் மனிதருள் சிலர் வயிற்றிலும் இருக்கிறார்கள். பலர் வயிற்றில் இல்லை. ஒரே மருந்து ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலிக்காமல் போவதன் காரணத்தை அவர்களிடமும் தேடவேண்டும். யார் அவர்கள்?

(தொடரும்)