செறுதோணிப் பாலம்: அணை திறந்தால் மூழ்கிய நெடுஞ்சாலைக்கு மாற்று கிடைத்தது எப்படி?

இடுக்கி: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், செறுதோணி அணைக்குச் சற்றுக் கீழே ஆற்றைக் கடக்கும் பழைய பாலத்துக்கு மாற்றாகக் கட்டப்பட்ட புதிய பாலத்தை, மத்திய சாலைப் போக்குவரத்துத் துறை அமைச்சர் நிதின் கட்கரி 2024 ஜனவரி 5 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

பாலத்தின் முக்கியத்துவம் என்ன?

அடிமாலியையும் குமுளியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 185 இல் இப்பாலம் அமைந்துள்ளது. கட்டப்பனை வழியாக மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்குச் செல்லும் உடும்பஞ்சோலை வட்ட மக்களும் இச்சாலையையே நம்பியுள்ளனர்.

இடுக்கி நீர்த்தேக்கம் இடுக்கி, செறுதோணி, குளமாவு ஆகிய 3 அணைகளால் உருவானது. இடுக்கி வளைவு அணையில் மதகுகள் இல்லை. எனவே, உபரிநீர் செறுதோணி அணையின் 5 மதகுகள் வழியாகவே வெளியேற்றப்படுகிறது. அந்நீர் முதலில் எதிர்கொள்வது இப்பாலத்தைத்தான்.

2018 இல் நடந்தது என்ன?

26 ஆண்டுகளுக்குப் பின்னர், 2018 ஆகஸ்ட் 9 அன்று செறுதோணி அணையின் ஒரு மதகு திறக்கப்பட்டது. மறுநாள் 5 மதகுகளும் திறக்கப்பட்டு, விநாடிக்கு 7 லட்சம் லிட்டருக்கும் அதிகமான நீர் வெளியேறியது. தாழ்வாக இருந்த பழைய பாலம் மூழ்கியது. பேருந்து நிலையப் பகுதி அரித்துச் செல்லப்பட்டது. பாலம் இடிந்து விழாவிட்டாலும் போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. நோயாளிகளையும் மீட்புப் பொருள்களையும் அவ்வழியே கொண்டுசெல்ல இயலவில்லை.

மாற்றுப் பாலம் ஏன்?

வெள்ளம் மேல்தளத்தைத் தொடும்போது, பாலத்தின் மீது பக்கவாட்டு அழுத்தம் ஏற்படுகிறது. அடித்து வரப்படும் மரங்கள் தூண்களிடையே சிக்கி நீரோட்டத்தைத் தடுக்கின்றன. தடைபட்ட நீர் இரு கரைகளையும் அரிப்பதால், பாலம் நின்றாலும் அதனைச் சென்றடையும் சாலை உடைந்துவிடும். பழைய பாலத்தை வலுப்படுத்துவதால் மட்டும் இக்குறை தீராது. சாலையின் மட்டத்தையே உயர்த்த வேண்டியிருந்தது. இதன்படி, சுமார் 120 மீட்டர் நீளமுள்ள புதிய பாலம் பழையதைக் காட்டிலும் மிக உயரமாகவும் அகலமாகவும் அமைக்கப்பட்டுள்ளது.

பணிகள் முடிவடையாத நிலையில், 2021 அக்டோபர் 19 அன்று செறுதோணி மதகுகள் மீண்டும் திறக்கப்பட்டன. அப்போது வெளியேற்றப்பட்ட நீரின் அளவு 2018 ஐ விடக் குறைவு என்பதால், பழைய பாலம் மூழ்கவில்லை. தற்போது புதிய பாலம் பயன்பாட்டில் உள்ளதால், மதகுகள் திறக்கப்படும் நாள்களிலும் மலைக் கிராம மக்கள் ஆற்றைக் கடக்க உயரமான வழி உள்ளது.