பதினாறு வாரிசுகளின் சாட்சியம்

மலேரியாக்காரர் மருந்தடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிப் போவதைப் பார்த்த ஒடுகத்தூர்ப் பெரியவர்களுக்குக் குளோரோகுயின் கசப்பு மறந்திருக்காது. மலேரியாவின் ஃபால்சிபேரம் கிருமி அந்த மாத்திரைக்கு அடங்காமல் போனது எப்படி? இதைத் தேடித்தான் பழைய ஆய்விதழ்களுக்குள் இறங்கினேன்.

இந்தியாவின் முதல் தடயம் 1973இல், அசாமின் கார்பி ஆங்லாங் மலைப்பகுதியில். மருந்து தோற்றது அங்கே பதிவாகிறது. கிருமிக்குள் மாறியது எது என்பதற்கு 1990ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழுக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவில் தாமஸ் வெல்லம்ஸ் குழு, மருந்துக்கு அடங்காத டிடி2 கிருமியையும் அடங்கும் ஹெச்பி3 கிருமியையும் கலந்தது. மனித ரத்தத்தில் இவை கூடுவதில்லை. ஆணும் பெண்ணும் சேர்வது கொசுவின் வயிற்றில்தான். அதனால் இரண்டையும் ஒரே ரத்தத்தில் கலந்து கொசுவுக்கு ஊட்டினார்கள். கொசுவில் விளைந்ததைச் சிம்பன்சியின் உடலில் வளர்த்து, வாரிசுகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். கையில் 16 வாரிசுகள். மருந்தை வேகமாக வெளியே தள்ளும் குணம் எந்த மரபணுவோடு சேர்ந்து வருகிறது என்பதே கேள்வி. புற்றுநோய்ச் செல்கள் மருந்தை வெளியேற்றப் பயன்படுத்தும் மரபணுவின் உறவுக்காரர்கள் மீதுதான் முதல் சந்தேகம். வாரிசுகளின் சாட்சியம் அவர்களை விடுவித்தது.

மறு ஆண்டே தேடல் 7ஆம் குரோமோசோமுக்குள் சுருங்கியது. 1997இல் 36,000 எழுத்து நீளத் துண்டு ஒன்றில் சிஜி2 என்ற மரபணு பிடிபட்டது. ஆனால் அதை மாற்றிவைத்தும் எதிர்ப்பு அப்படியே இருந்தது. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது: தாங்களே சுட்டிய மரபணுவைத் தாங்களே சோதித்துத் தள்ளிவிட்டு, அதே துண்டை மறுபடி அலசினார்கள். 13 துணுக்குகளாகச் சிதறிக் கிடந்ததால் கண்ணுக்குத் தப்பிய பிஎஃப்சிஆர்டி என்ற மரபணு 2000இல் வெளிப்பட்டது. அது உருவாக்கும் புரதத்தின் 76ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போய் திரியோனின் வந்திருந்தது.

நம் நாட்டுக் கிருமிகளில்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பத்மநாபன் குழு 2004இல் விடை தந்தது. அந்தப் புரதத்தின் 72 முதல் 76 வரையான இடங்களில் இந்தியாவில் பரவலாக இருப்பது தென்கிழக்காசிய டிடி2 வரிசை அல்ல. பிரேசிலின் 7ஜி8 கிருமியில் காணும் எஸ்விஎம்என்டி என்ற அமினோ அமில வரிசை.

இந்த வேறுபாட்டுக்கு மருத்துவப் பொருள் உண்டு. 7ஜி8 கிருமியையும் கானாவின் ஜிபி4 கிருமியையும் கலந்து பெற்ற வாரிசுகளை வெல்லம்ஸ் குழு 2009இல் சோதித்தது. 7ஜி8 வகை மரபணு பெற்றவை குளோரோகுயினைச் சற்றுக் குறைவாகவும், அதன் நெருங்கிய உறவான அமோடியாகுயினைக் கூடுதலாகவும் தாங்கின. குளோரோகுயினுக்குப் பதில் அமோடியாகுயின் தரலாமா என்று நம் நாட்டில் யார் கேட்டாலும், முதலில் எடுத்து வைக்க வேண்டிய கட்டுரை இது.