லாயத்தில் வெடித்த பித்தளை

தோட்டாவுக்கு நானே மருந்து நிரப்பிப் பழக ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தவை ஐம்பது வெற்று உறைகள். .308 வின்செஸ்டர். டெக்சாஸில் என் வீட்டுக்குப் பக்கத்துச் சுடுதளத்தில் நானே சுட்டு, நானே குனிந்து பொறுக்கியவை. புகையேறிக் கறுத்துக் கிடந்தன. அம்மா வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்ப்பது ஞாபகம் வர, உலோகம் துலக்கும் பசை ஒரு டப்பா வாங்கி ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆகிவிட்டன.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் மதுரைக்காரர், முப்பது வருஷ லேத் அனுபவம். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "தம்பி, இத எதுல தேய்ச்ச?" டப்பாவைக் காட்டினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் அம்மோனியா என்று போட்டிருந்தது. ஒன்றும் பேசாமல் ஐம்பதையும் இடுக்கியால் நசுக்கி வாளியில் போட்டார். "புளி போட்டுத் தேய்ச்சிருந்தாக்கூட விட்டிருப்பேன்டா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் தேட ஆரம்பித்ததுதான் என்னைப் பழைய இந்தியாவின் குதிரை லாயங்களில் கொண்டுபோய் நிறுத்தியது.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மழைக்காலம் என்றால் ஓய்வு. சண்டை குறையும், தோட்டாப் பெட்டிகள் லாயங்களுக்குப் போகும். மழை விட்டுத் திறந்து பார்த்தால் பல உறைகளில் விரிசல். அதிலும் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில்தான் அதிகம். யாரும் சுடவில்லை, தட்டவில்லை. பெட்டிக்குள் சும்மா கிடந்த பித்தளை தானாகப் பிளந்திருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர். காரணம் தெளிவானது 1921இல்தான். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஒரு பக்கம், பித்தளைக்குள்ளேயே அடைபட்டிருக்கும் இழுவிசை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் வெடிப்பு.

அந்த இழுவிசை எப்படி உள்ளே வந்தது? தோட்டா உறைக்கான பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகட்டிலிருந்து சின்னக் கிண்ணம் வெட்டி, அதை அச்சுக்குள் குத்திக் குத்தி நீளமான குழாயாக இழுக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் உலோகம் விறைக்கும். நடுவில் சூடாக்கி இளக்காவிட்டால் கிழிந்துபோகும். கடைசியில் கழுத்தைக் குறுக்கியபின் அதை மட்டும் ஒருமுறை சூடு காட்டினால் உள்ளே இருக்கும் விறைப்பு தளர்ந்துவிடும். அமெரிக்க ராணுவ உறைகளில் கழுத்தோரம் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியுமே, அது இந்தச் சூட்டின் தடம். வியாபாரக் கம்பெனிகள் பெரும்பாலும் அதைத் துடைத்து மினுக்கித்தான் விற்கின்றன. வாங்குகிறவருக்கு அது அழுக்காகத் தெரியுமாம்!

இவ்வளவு தொல்லை பிடித்த உலோகம் எதற்கு என்றால், அதற்கு முன் இருந்தவை இன்னும் மோசம். 1860களில் பாக்ஸர் வடிவமைத்த பிரிட்டிஷ் தோட்டா, மெல்லிய பித்தளைத் தாளைச் சுருட்டிச் செய்தது. 1885 ஜனவரியில் சூடானின் அபு க்ளியாவில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் சூட்டிலும் மணலிலும் சிக்கிக்கொண்டன; சுட்ட உறை வெளியே வராமல், எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள் சிப்பாய்கள். 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டர் தோற்றதற்கும் செம்பு உறைகள்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். 1984இல் தொடங்கிய அகழாய்வு அந்தப் பழியைப் பெருமளவு குறைத்துவிட்டது. தோற்றவர்கள் பழிபோட ஒரு பொருள் அகப்பட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. வார்த்து இழுத்த முழுப் பித்தளை வெடிக்கும்போது விரிந்து அறையின் சுவரை அடைக்கும், அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிப் பிடியை விடும். செம்புக்கு இந்தச் சுருக்கம் போதாது.

அடுத்த ஐம்பது உறைகளை அண்ணன் பக்கத்திலேயே நின்று செய்யவைத்தார். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிப்பகுதிக்குச் சற்று மேலே பள்ளம் தட்டுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தட்டினால் அந்த இடத்தில் உறை இரண்டாகப் போகிறது என்று அர்த்தம், தூக்கிப்போட வேண்டியதுதான். அப்புறம் எண்ணெய் தடவி அச்சில் திருப்பி அளவுக்குக் கொண்டுவருவது, 2.015 அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால் வாயைச் சீவுவது, பிசிறு எடுப்பது. சுட்டுச் சுட்டு விறைத்த கழுத்து ஒவ்வொன்றும் குண்டை ஒவ்வொரு மாதிரி பிடிக்கும், குறி சிதறும். அதனால் கழுத்துக்கு மட்டும் மறுபடி சூடு. "அடிப்பக்கம் சூடு ஏறுச்சுன்னா முடிஞ்சுது, அது இளகினா உன் மூஞ்சிக்குத்தான் வரும்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறக்கூடிய தோட்டா, கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வெடிக்கிறது. அவர் அதிகமாகப் பயமுறுத்தவில்லை.

அன்று நசுக்கியதில் ஒன்றை வாளியிலிருந்து எடுத்துவந்தேன். இரண்டு வருஷமாக என் மேசையில் கிடக்கிறது. அவ்வப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். இன்னும் ஒரு விரிசலும் தெரியவில்லை. அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.