அமெரிக்கக் கொள்கை வகுப்பில் அழுத்தக் குழுக்கள்: ஆர்மேனியரின் அனுபவம்

ஐக்கிய அமெரிக்காவில் அரசின் கொள்கையை மாற்றுமாறு அழுத்தம் கொடுப்பது சட்டபூர்வமான செயல். அரசிடம் முறையிடும் உரிமையை 1791 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் உறுதிசெய்கிறது. பணம் பெற்று இதைத் தொழிலாகச் செய்வோர் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது 1995 ஆம் ஆண்டுச் சட்டம். ஆயுத உற்பத்தியாளர்கள், மருந்து நிறுவனங்கள், விவசாய அமைப்புகள் எனப் பலரும் இவ்வழியே காங்கிரஸை அணுகுகின்றனர். புலம்பெயர் சமூகங்களும் அவ்வாறே. அவற்றால் எதைச் சாதிக்க முடியும், எதை முடியாது என்பதை ஆர்மேனியரின் அனுபவம் காட்டுகிறது.

1915 இல் ஒட்டோமன் பேரரசில் தொடங்கிய படுகொலைகளை அமெரிக்கா இனப்படுகொலையாக அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. கலிபோர்னியாவில் ஆர்மேனியர் செறிந்து வாழும் தொகுதிகளின் பிரதிநிதிகள் இதற்காகக் குரல் கொடுத்தனர். மறுபுறம், நேட்டோ உறுப்பு நாடான துருக்கி, முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர்களையே பணம் கொடுத்து அமர்த்தித் தன் தரப்பை எடுத்துரைத்தது.

2000 ஒக்டோபரில் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவிருந்த வேளையில், ஜனாதிபதி கிளின்டனின் வேண்டுகோளின் பேரில் மீளப்பெறப்பட்டது. 2007 இல் பிரதிநிதிகள் சபையின் வெளிவிவகாரக் குழு 27க்கு 21 என்ற வாக்குகளால் அதை ஏற்றது. ஆனால் ஈராக் போருக்குத் துருக்கியிலுள்ள விமானத்தளம் தேவை என்ற வாதம் மேலோங்க, முழுச் சபையில் வாக்கெடுப்பே நடக்கவில்லை.

2019 ஒக்டோபரில் அதே சபை 405க்கு 11 என்ற வாக்குகளால் அங்கீகாரம் வழங்கியது. டிசெம்பரில் செனட் சபை எதிர்ப்பின்றி ஏற்றது. 2021 ஏப்ரல் 24 இல் ஜனாதிபதி பைடனும் அச்சொல்லைப் பயன்படுத்தினார். 2019 இல் வட சிரியாவில் துருக்கி மேற்கொண்ட படை நடவடிக்கை வாஷிங்டனுடனான உறவைக் கசப்பாக்கியிருந்தது. பல தசாப்தங்களாகக் கோரிக்கையைக் கைவிடாதிருந்த ஆர்மேனிய அமைப்புகள் அத்தருணத்தைப் பயன்படுத்திக்கொண்டன.

ஆயினும் அங்கீகாரம் பாதுகாப்பாக மாறவில்லை. அசர்பைஜான் அரசுக்கான அமெரிக்க உதவியைக் கட்டுப்படுத்தும் சட்டப்பிரிவொன்றை இதே அமைப்புகள் 1992 இல் வென்றெடுத்திருந்தன. 2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின்னர், பயங்கரவாத எதிர்ப்பைக் காரணங்காட்டி அக்கட்டுப்பாட்டை ஜனாதிபதிகள் விலக்கி வந்தனர். 2023 செப்டெம்பரில் அசர்பைஜான் படையினர் நாகோர்னோ கரபாக்கைக் கைப்பற்றியபோது, ஒரு இலட்சத்துக்கும் அதிகமான ஆர்மேனியர் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். வாஷிங்டன் கவலை தெரிவித்தது. மனிதாபிமான உதவி அறிவித்தது. அதற்கு மேல் செல்லவில்லை.

ஒரு கோரிக்கையை உரிய காலம் வரும்வரை உயிர்ப்புடன் வைத்திருக்க அழுத்தக் குழுக்களால் முடிகிறது. அந்தக் காலம் எப்போது வரும் என்பதைப் பெரும்பாலும் அமெரிக்காவின் நலன்களே தீர்மானிக்கின்றன.